முடிவில்லாத் தொடர் 15.4036-ல் நின்றுவிடுகிறது. புத்தகத்தை நம்புவதா, கணினியை நம்புவதா?

கேள்விக்குறி | மார்ச் 3, இரவு 9.12

1 + 1/2 + 1/3 + 1/4 + … இந்த ஹார்மோனிக் தொடர் விரியும், எந்த எண்ணைச் சொன்னாலும் தாண்டும் என்கிறது புத்தகம். சி மொழியில் ஃப்ளோட் (தசம எண்களுக்கான 32 பிட்) மாறியில் கூட்டினால் 15.403683 வந்ததும் நிற்கிறது. அதற்கப்புறம் எவ்வளவு ஓடவிட்டாலும் கடைசி இலக்கம்கூட அசையாது. இன்னொரு பக்கம் 1/2 + 1/4 + 1/8 + … = 1 என்கிறார்கள். அதை இதுவரை யாரும் கூட்டி முடித்ததில்லை, முடிக்கவும் முடியாது. கூட்டி முடிக்க முடியாததற்கு விடை உண்டாம், கூட்டினால் தானாக நிற்பதற்கு விடை கிடையாதாம். என்ன நியாயம் இது?

என் கட்சி: மனிதனும் மெஷினும் செய்வது எல்லாமே முடிவுள்ள வேலைதான். முடிவிலி என்பது வாத்தியார்கள் கட்டிய கதை. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

தசமப்புள்ளி | மார்ச் 3, இரவு 10.05

நின்றது தொடர் இல்லை, உங்கள் மாறி.

32 பிட் ஃப்ளோட்டில் பின்னப் பகுதிக்கு 23 பிட். கூட்டல் 8-க்கும் 16-க்கும் இடையில் இருக்கும்போது, மெஷினால் எழுதக்கூடிய அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 2⁻²⁰. புதிதாக வரும் உறுப்பு அந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவு என்றால் ரவுண்டிங் அதை அப்படியே விழுங்கிவிடும். பாதி என்பது 2⁻²¹, அதாவது 1/2097152. ஆகவே 2097152-ஆம் உறுப்பைத் தாண்டிய எதுவும் கூட்டலைத் தொடாது. கோடி கோடியாக வந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுங்கப்படும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். அந்த இடத்தில் உண்மையான கூட்டல் 15.1333 (21 × 0.693147 + 0.577216; முதல் எண் 2-ன் இயல்மடக்கை, இரண்டாவது ஆய்லர் மாறிலி). உங்களுக்கு வந்ததோ 15.4037. நிற்பதற்கு முன்பே 0.27 கூடுதலாக ஏறிவிட்டது.

பின்னம் | மார்ச் 3, இரவு 10.31

டபுள் போடுங்க. வேலை முடிஞ்சது.

தசமப்புள்ளி | மார்ச் 3, இரவு 10.58

முடியாது, தள்ளிப்போகும். 64 பிட் டபுளில் பின்னப் பகுதிக்கு 52 பிட். கூட்டல் 32-ஐத் தாண்டியதும் இடைவெளி 2⁻⁴⁷, பாதி 2⁻⁴⁸. ஆகவே 281474976710656-ஆம் உறுப்புக்குப் பிறகு அதே கதைதான், 34.12-க்குப் பக்கத்தில். நொடிக்கு நூறு கோடி உறுப்பு வீதம் கூட்டினால் மூன்றேகால் நாள். நின்றுவிட்டதைப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை, அதனால் டபுள் நல்லபிள்ளையாகத் தெரிகிறது.

எதிர்த்திசையில் போனால் சிரிப்புதான் வரும். செயற்கை நுண்ணறிவு சிப்புகளில் ஓடும் பிஃப்ளோட்16 வடிவத்தில் பின்னப் பகுதிக்கு 7 பிட்தான். அதில் இந்தத் தொடர் 65 உறுப்பிலேயே 5.0625 என்று படுத்துவிடும்.

வரைகோடு | மார்ச் 4, காலை 6.20

அந்த 0.27 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ரவுண்டிங் பிழை மேலும் கீழுமாக வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்றுதான் நினைப்போம். இங்கே அது நடப்பதில்லை.

உறுப்பு எண் 2²⁰-லிருந்து 2²¹ வரை பாருங்கள். அங்கே ஒவ்வொரு உறுப்பும் இடைவெளியில் பாதிக்கும் முழுசுக்கும் நடுவில் விழும். ஆகவே ஒவ்வொன்றும் மேலே தள்ளப்பட்டு ஒரு முழு இடைவெளியாகச் சேரும். 2²⁰ உறுப்புகள், ஒவ்வொன்றும் 2⁻²⁰. சேர்வது சரியாக 1. சேர்ந்திருக்க வேண்டியது 2-ன் இயல்மடக்கை, அதாவது 0.693. அந்த ஒரு கட்டத்திலேயே 0.307 அதிகம். அதற்கு முந்தைய கட்டத்தில், உறுப்பு ஒன்றுக்கும் ஒன்றரை இடைவெளிக்கும் நடுவில் இருக்கும்போது, கீழே தள்ளப்பட்டு 0.072 குறைகிறது. இன்னும் முந்தைய கட்டங்கள் 0.02, 0.006 என்று சில்லறை சேர்க்கின்றன. மொத்தத்தில் 0.27. பிழை பக்கச்சார்போடு வருகிறது. உறுப்புகள் சீராகக் குறைவதால் ஒரே பக்கம் லட்சக்கணக்கில் சாய்கின்றன.

சரிசெய்யும் வழிகள் இரண்டு. ஒன்று, சின்ன உறுப்பிலிருந்து பெரியதை நோக்கிக் கூட்டுவது. சின்னவை முதலில் ஒன்றுசேர்ந்து கனம் பெற்ற பிறகு பெரியவற்றோடு சேரும். இரண்டு, காஹான் 1965-ல் சொன்ன முறை. விழுங்கப்பட்ட மிச்சத்தை இன்னொரு மாறியில் பிடித்துவைத்து அடுத்த உறுப்போடு சேர்ப்பது:

திருத்திய உறுப்பு = உறுப்பு − மிச்சம்
புதுக்கூட்டல் = கூட்டல் + திருத்திய உறுப்பு
மிச்சம் = (புதுக்கூட்டல் − கூட்டல்) − திருத்திய உறுப்பு
கூட்டல் = புதுக்கூட்டல்

மூன்றாம் வரியின் அடைப்புக்குறியை எடுத்துச் சுருக்கினால் மிச்சம் எப்போதும் 0. கம்பைலரில் வேகக்கணக்கு (ஃபாஸ்ட்-மேத்) விருப்பத்தைப் போட்டால் அது இதைத்தான் செய்யும். போடாதீர்கள்.

உறுப்பு எண்ணையும் ஃப்ளோட்டில் வைத்திருந்தால் வேறொரு பள்ளம் இருக்கிறது. 16777216 + 1 அங்கே மறுபடி 16777216 தான். லூப் அதே உறுப்பை முடிவில்லாமல் கூட்டிக்கொண்டிருக்கும்.

கேள்விக்குறி | மார்ச் 4, காலை 8.02

சின்ன உறுப்பிலிருந்து தொடங்கு என்கிறீர்கள். சரி, முடிவில்லாத் தொடரில் கடைசி உறுப்பு எங்கே இருக்கிறது, அதிலிருந்து தொடங்க? இந்த வைத்தியமே முடிவுள்ள கூட்டலுக்குத்தான் செல்லும். என் கட்சி பலமாகிறது.

எல்லைக்கல் | மார்ச் 4, மதியம் 1.15

உங்கள் கட்சியில் பாதியை எல்லோரும் ஒத்துக்கொண்டு 150 வருடத்துக்கு மேல் ஆகிறது. "முடிவில்லாமல் கூட்டினால் 1" என்ற வாக்கியத்தில் யாரும் முடிவில்லாமல் கூட்டுவதில்லை. 19-ஆம் நூற்றாண்டுக் கணிதர் வையர்ஸ்ட்ராஸ் காலத்திலிருந்து அதன் பொருள் ஒரு பந்தயம். நீங்கள் ஒரு பிழை அளவு சொல்கிறீர்கள். நான் ஓர் எண் ந சொல்கிறேன். ந உறுப்பு கூட்டிய பிறகு எங்கே நிறுத்தினாலும் கூட்டல் 1-லிருந்து உங்கள் அளவுக்குள் இருக்க வேண்டும். பத்து லட்சத்தில் ஒன்று என்றால் 20 போதும், ஏனென்றால் 2²⁰ = 1048576. நூறு கோடியில் ஒன்று என்றால் 30. நீங்கள் எவ்வளவு சின்னதாகச் சொன்னாலும் என்னிடம் ந இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும் வழியும் இருக்கிறது. "= 1" என்று எழுதுவது அவ்வளவுக்குத்தான். உள்ளே இருப்பவை முழுக்க முடிவுள்ள கூட்டல்கள்.

ஹார்மோனிக் விரிகிறது என்பதும் இதே வகைதான். 1350 வாக்கில் ஒரெம் சொன்ன காரணம்: 1/3 + 1/4 என்பது 1/2-க்கு மேல். அடுத்த நான்கு உறுப்பு சேர்ந்தாலும் 1/2-க்கு மேல். அடுத்த எட்டும் அப்படியே. ஆகவே 2¹⁰ உறுப்பில் கூட்டல் குறைந்தது 1 + 10/2 = 6. நீங்கள் இலக்கு சொல்லுங்கள், நான் ந சொல்கிறேன். ஒன்றும் கதை இல்லை.

பின்னம் | மார்ச் 4, மதியம் 1.40

இலக்கு 100.

எல்லைக்கல் | மார்ச் 4, மதியம் 2.05

சுமார் 1.5 × 10⁴³ உறுப்புகள். நொடிக்கு நூறு கோடி வீதம் 1.5 × 10³⁴ நொடி. பிரபஞ்சத்தின் வயது 4.4 × 10¹⁷ நொடிதான்.

கேள்விக்குறி | மார்ச் 4, இரவு 7.30

அப்படியானால் அந்த ந இருந்தும் இல்லாத மாதிரிதானே? கூட்ட முடியாத முடிவுள்ள கூட்டலும் கதைதான்.

பழங்கணக்கு | மார்ச் 5, காலை 5.50

இது நல்ல கேள்வி. ஆனால் ந பெரிதாக இருப்பதும் விடை எட்டாததும் ஒன்றல்ல. 1 − 1/3 + 1/5 − 1/7 + … = பை/4 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் பெயரில் ஓடும், கேரளத்தில் சங்கமகிராம மாதவர் (14-ஆம் நூற்றாண்டு) பெயரில். தொடராக அது படுமோசம். ந உறுப்பு கூட்டினால் பையில் பிழை ஏறக்குறைய 1/ந. ஏழு தசமம் வேண்டுமானால் கோடிக்கணக்கில் கூட்ட வேண்டும்.

மாதவர் பரம்பரை கோடி உறுப்பு கூட்டவில்லை. சில உறுப்பில் நிறுத்தி, விட்டுப்போன முடிவில்லா வாலுக்குப் பதிலாக ஒரே ஒரு பின்னத்தை வைத்தார்கள். 1530 வாக்கில் ஜேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷாவில் அதற்கான தர்க்கமே இருக்கிறது. ந உறுப்புக்குப் பின் வைக்கும் திருத்தம் சரியாக இருந்தால், ஓர் உறுப்பு முன்னாடி நிறுத்தித் திருத்தினாலும் அதே விடை வர வேண்டும். அதாவது, ந-க்கான திருத்தமும் (ந−1)-க்கான திருத்தமும் சேர்ந்து 1/(2ந−1) ஆக வேண்டும். அப்படி எளிய பின்னம் எதுவும் அமையாது. ஆகவே எவ்வளவு நெருங்குகிறது என்று பார்த்துப் பார்த்துச் செதுக்குகிறார்கள்.

ந = 5 என்று வைத்துப் பாருங்கள். வர வேண்டியது 1/9 = 0.111111.
முதல் திருத்தம் 1/(4ந): 1/20 + 1/16 = 0.1125. கொஞ்சம் அதிகம்.
இரண்டாவது ந/(4ந²+1): 5/101 + 4/65 = 0.111043. கொஞ்சம் குறைவு.
மூன்றாவது (ந²+1)/(ந(4ந²+5)): 26/525 + 17/276 = 0.111118. ஏறக்குறைய தொட்டாயிற்று.

பையின் விடையாகப் பார்த்தால், ஐந்து உறுப்பு மட்டும்: 3.33968. முதல் திருத்தத்தோடு 3.13968, இரண்டாவதோடு 3.141663, மூன்றாவதோடு 3.141587. பத்து உறுப்பு எடுத்து மூன்றாவதை வைத்தால் 3.1415927053. பிழை 0.00000005 சுற்றி. திருத்தம் இல்லாமல் அந்த இடத்துக்கு வர சுமார் 2 கோடி உறுப்பு ஆகும்.

ஒற்றைப்படை உறுப்பில் நிறுத்தினால் திருத்தத்தைக் கழிக்க வேண்டும், இரட்டைப்படையில் கூட்ட வேண்டும். குறியை மாற்றிப்போட்டால் பிழை இரட்டிப்பாகும். பலரும் வழுக்குவது அங்கேதான்.

வரைகோடு | மார்ச் 5, காலை 9.10

அழகு. இந்தத் திருத்தங்களைத் தொடர்பின்னமாக நீட்டலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1/(4ந), பிறகு 1/(4ந + 1/ந), பிறகு 1/ந-க்குக் கீழே இன்னொரு பின்னம். மூன்றாவதில் உள்ளே வருவது 1/(4ந + 4/(4ந + 4/ந)). சுருக்கினால் (ந²+1)/(ந(4ந²+5)) வரும்.

தசமப்புள்ளி | மார்ச் 5, காலை 9.45

வரைகோடு எழுதிய இரண்டாவது படி சரி, மூன்றாவது பொருந்தவில்லை. ந = 5 வைத்துப் பாருங்கள். 4/ந = 0.8, 20.8, 4/20.8 = 0.1923, 20.1923, தலைகீழ் 0.049524. வர வேண்டியது 26/525 = 0.0495238. ஆறு தசமத்தில் தப்பிவிடுகிறது, அதனால் கண்ணில் படாது. ந = 1 வைத்தால் வெளிச்சம். 4/(4+4) = 0.5, தலைகீழ் 1/4.5 = 0.2222. வர வேண்டியது 2/9 = 0.2222. அட, இதுவும் பொருந்துகிறது.

வரைகோடு | மார்ச் 5, காலை 9.58

பொருந்தத்தான் செய்யும். 4/(4ந + 4/ந) = 4ந/(4ந²+4) = ந/(ந²+1). அதோடு 4ந சேர்த்தால் (4ந³+5ந)/(ந²+1). தலைகீழாக்கினால் முடிந்தது. கால்குலேட்டரை விட்டுவிட்டு இரண்டு வரி இயற்கணிதம் எழுதுங்க.

பின்னம் | மார்ச் 5, மாலை 6.12

1+2+3+… = −1/12 என்று யாராவது கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன். வரவில்லை. நானே கொண்டுவருகிறேன். ராமானுஜன் 1913-ல் ஹார்டிக்கு எழுதினாரே.

எல்லைக்கல் | மார்ச் 5, மாலை 6.50

எழுதினார், "என் கோட்பாட்டின்படி" என்ற பொருளில். மேலே சொன்ன பந்தயத்தின்படி அந்தத் தொடருக்கு விடை கிடையாது. ஆனால் −1/12 வானத்திலிருந்து விழவில்லை. ஒவ்வோர் உறுப்பையும் மெல்லத் தேயும் எடையால் பெருக்குங்கள். ந-ஆம் உறுப்புக்கு எடை, இயல்மடக்கையின் அடி 2.71828-ஐ −0.1ந அடுக்குக்கு உயர்த்தியது. இப்போது கூட்டல் ஒருங்கும், அதாவது ஓர் எண்ணை நெருங்கி அங்கேயே நிற்கும்: 99.9167. அதில் 100 என்பது தேய்மான வேகம் 0.1-ன் வர்க்கத்துக்குத் தலைகீழ். மிச்சம் −0.0833, அதாவது −1/12. வேகத்தை 0.01 ஆக்கினால் 100 போய் 10000 வரும், −0.0833 அப்படியே நிற்கும். பெரிய பகுதியை வெட்டி எறிந்தபின் மாறாமல் நிற்கும் எண் அது. வெட்டி எறிந்ததைச் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் குற்றம்.

பழங்கணக்கு | மார்ச் 6, காலை 5.40

கேள்விக்குறிக்கு இன்னொரு தீனி. ஹார்மோனிக் தொடரில் 9 என்ற இலக்கம் வரும் எண்களை (9, 19, 90, 1095…) எல்லாம் நீக்கிவிடுங்கள். மிச்சம் ஒருங்கும். 1914-ல் கெம்ப்னர் காட்டியது. நிரூபணம் ஒரு வரி: 9 இல்லாத ஓரிலக்க எண் 8, ஈரிலக்கம் 72, மூவிலக்கம் 648, அவற்றின் தலைகீழ்கள் முறையே 1, 1/10, 1/100-ஐ மிஞ்சா, ஆகவே கூட்டல் 8(1 + 0.9 + 0.81 + …) = 80-க்குள்.

உண்மை மதிப்பு 22.92 சொச்சம். வேடிக்கை என்னவென்றால், 28 இலக்க எண்கள் வரை ஒன்றுவிடாமல் கூட்டினாலும் இன்னும் 1-க்கு மேல் பாக்கி இருக்கும். ஃப்ளோட்டில் கூட்டுபவருக்கு விரியும் ஹார்மோனிக்கும் நிற்கும், ஒருங்கும் இதுவும் நிற்கும். திரையைப் பார்த்து எது எது என்று சொல்லவே முடியாது. கூட்டி அறிவது வேறு, நிரூபித்து அறிவது வேறு என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி எனக்குத் தெரியாது.

கேள்விக்குறி | மார்ச் 6, இரவு 8.20

சரி, ஒருங்கும் தொடர்களை விட்டுவிடுகிறேன். அவை முடிவுள்ள வேலையின் சுருக்கெழுத்து. அப்படியானால் "முடிவிலி" தேவையே இல்லை என்று ஆகிறதே? முடிவுள்ள எண்களைப் பற்றிய எதற்கும் அது வேண்டாம்.

எல்லைக்கல் | மார்ச் 6, இரவு 10.35

இங்கேதான் கதை திரும்புகிறது. குட்ஸ்டீன் 1944-ல் தந்த விளையாட்டைப் பாருங்கள். முழு எண்கள், பெருக்கல், ஒன்றைக் கழித்தல், அவ்வளவுதான்.

ஓர் எண்ணை 2-ன் அடுக்குகளாக எழுதுங்கள், அடுக்குகளையும் 2-லேயே எழுதுங்கள். எல்லா 2-ஐயும் 3 ஆக்குங்கள். 1 கழியுங்கள். மறுபடி 3-ன் அடுக்குகளாக எழுதி, 3-ஐ 4 ஆக்கி, 1 கழியுங்கள். இப்படியே.

3-ல் தொடங்கினால்: 3, 3, 3, 2, 1, 0. முடிந்தது.

4-ல் தொடங்கினால்: 4 என்பது 2². அது 3³ = 27 ஆகி, 1 போக 26. 26 = 2·3² + 2·3 + 2. அடுத்து 2·4² + 2·4 + 2 − 1 = 41. பிறகு 60, 83, 109, 139… ஏறிக்கொண்டே போகும். இதுவும் கடைசியில் 0-க்கு இறங்கும். எப்போது? அடிமானம் (2, 3, 4 என்று மாறிவரும் அந்த எண்) 3·2⁴⁰²⁶⁵³²¹¹ − 1 ஆகும்போது. அந்த எண்ணை எழுதவே 12 கோடியே 12 லட்சம் இலக்கம் வேண்டும்.

ஏன் இறங்கும்? ஒவ்வொரு படியிலும் அடிமானம் இருக்கும் இடத்தில் ஒமேகா என்ற முடிவிலி வரிசையெண்ணை (எல்லா முழு எண்களுக்கும் அடுத்து வருவதை) போடுங்கள். கிடைப்பதை அந்த எண்ணின் நிழல் என்போம். 4 இருந்த இடத்தில் ஒமேகாவின் ஒமேகா அடுக்கு. 26 இருந்த இடத்தில் ஒமேகா²·2 + ஒமேகா·2 + 2. 41-க்கு அதே, கடைசியில் 1. 60-க்கு ஒமேகா²·2 + ஒமேகா·2. 83 என்பது 2·36 + 6 + 5, ஆகவே ஒமேகா²·2 + ஒமேகா + 5. எண் ஏறுகிறது, நிழல் ஒவ்வொரு படியிலும் கண்டிப்பாக இறங்குகிறது. அடிமானத்தை மாற்றுவது நிழலைத் தொடாது, 1 கழிப்பது மட்டும் தொடும். வரிசையெண்கள் முடிவில்லாமல் இறங்க முடியாது. ஆகவே எந்த எண்ணில் தொடங்கினாலும் விளையாட்டு முடியும்.

1982-ல் கிர்பியும் பாரிஸும் காட்டியது: பியானோ எண்கணிதத்தால், அதாவது முழு எண்களுக்கான வழக்கமான கூட்டல், பெருக்கல், தொகுத்தறிதல் விதிகளால் மட்டும், "எல்லாத் தொடக்கத்துக்கும் இது முடியும்" என்று நிரூபிக்க முடியாது. முடிவுள்ள எண்களின் விளையாட்டு, முடிவுள்ள நேரத்தில் முடியும் என்ற கூற்று, அதற்கு அந்த முறைக்கு வெளியே ஏணி தேவைப்படுகிறது. முடிவில்லாத் தொடருக்கு முடிவிலி வேண்டியிருக்கவில்லை, இதற்கு வேண்டியிருக்கிறது.

பின்னம் | மார்ச் 6, இரவு 10.50

கடைசிப் படியில் எண் சடாரென்று விழுமா?

எல்லைக்கல் | மார்ச் 6, இரவு 11.04

இல்லை. கால்வாசிக் காலம் ஏறி, இன்னொரு கால்வாசி உச்சியில் அசையாமல் நின்று, பிறகு படிக்கு ஒன்று ஒன்றாக 0 வரை. எண் அடிமானத்தைவிடச் சின்னதாகிவிட்டால் மாற்ற ஒன்றும் இல்லை, கழிப்பது மட்டும்தான் மிச்சம். 3-ல் தொடங்கியதன் கடைசி நான்கு எண்களில் அதே வடிவம் குட்டியாகத் தெரியும்.

கேள்விக்குறி | மார்ச் 7, காலை 7.15

கட்சியை மாற்றவில்லை, இடத்தை மாற்றுகிறேன். எல்லைக்கல் முதலில் சொன்ன பந்தயத்தில் "ந கண்டுபிடிக்கும் வழி இருக்கிறது" என்று ஒரு வார்த்தை வந்தது. எல்லை இருந்தும் அந்த வழி இல்லாத தொடர் உண்டா?

தசமப்புள்ளி | மார்ச் 7, காலை 10.20

உண்டு. ஸ்பெக்கர், 1949. செய்முறை இது.

எல்லாக் கணினி நிரல்களையும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்துங்கள். முதல் கட்டத்தில் முதல் நிரலை ஒரு படி ஓட்டுங்கள். இரண்டாம் கட்டத்தில் முதல் இரண்டை இரண்டு படி. நூறாம் கட்டத்தில் முதல் நூறை நூறு படி. 7-ஆம் நிரல் ஓடி நின்றுவிட்டது தெரிந்தால் கூட்டலில் 1/2⁷ சேருங்கள். ஒவ்வொரு கட்டமும் முடிவுள்ள வேலை, ஒவ்வொரு கூட்டலும் சுத்தமான பின்னம். கூட்டல் ஏறுமே தவிர இறங்காது, 1-ஐத் தாண்டாது. ஆகவே எல்லை இருக்கிறது. ஆனால் பிழை அளவு கொடுத்தால் ந தரும் வழி இருக்க முடியாது. இருந்தால் 1/2⁷-ஐவிடச் சின்ன பிழை கேட்டு, அந்த ந வரை ஓட்டி, 7-ஆம் நிரல் அதற்குள் நிற்கவில்லை என்றால் என்றுமே நிற்காது என்று சொல்லிவிடலாம். எந்த நிரலுக்கும் பொதுவாக அப்படிச் சொல்லும் வழி கிடையாது என்று டூரிங் 1936-லேயே காட்டிவிட்டார்.

வரைகோடு | மார்ச் 7, மாலை 5.30

பொதுவழி கிடையாதே தவிர, தனித்தனியாகச் சண்டை போடலாம். இரண்டு குறி, ஐந்து நிலை கொண்ட டூரிங் மெஷின்களுக்கு (நாடாவில் குறிகளைப் படித்து எழுதும் கற்பனைக் கணினிகளுக்கு) அந்த ந தெரியும்: 47176870. வெற்று நாடாவில் தொடங்கி அத்தனை படியில் நிற்காதது என்றுமே நிற்காது. இணையத்தில் கூடிய ஒரு குழு, மெஷின் வகைகளை ஒவ்வொன்றாக ஒழித்துக்கட்டி, 2024-ல் காக் நிரூபணச் சரிபார்ப்பியில் உறுதிசெய்தது. ஆறு நிலைக்குத் தெரியாது. அதில் ஒரு மெஷின் கோலாட்ஸ் கணக்கு (இரட்டை எண்ணைப் பாதியாக்கு, ஒற்றையை மும்மடங்காக்கி 1 கூட்டு, கடைசியில் 1 வருமா என்ற தீராத கேள்வி) போன்ற ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறது. அது நிற்குமா என்று சொல்ல முதலில் அந்த மாதிரிக் கணக்கையே தீர்க்க வேண்டும்.